ப்ரொஃபைல் லாக் போட்டாலும் நம்ம லைக்ஸ் வெளிய தெரியுது: ஃபேஸ்புக்ல நாம பண்ற தவறுகள்

போன வருஷம் ஒரு சொந்தக்காரங்க வீட்டு வளைகாப்பு, எங்க அக்கா அந்தப் பொண்ணுக்கு வளையல் போட்டுட்டு இறங்கறா, அவ மாமியார் வழியில ஒரு அத்தை அவகிட்ட வந்து "என்னம்மா, அந்த ஆஸ்பத்திரிலயா காட்டற, எத்தன மாசமா போற"ன்னு கேட்டுட்டாங்க. சுத்தி பதினஞ்சு பேர். அக்காவும் மாமாவும் குழந்தைக்காக ட்ரீட்மென்ட் எடுக்கறது எங்க அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் அதுவரைக்கும் தெரியும், மாமியார் வீட்டுல கூட சொல்லல. அத்தைக்கு கெட்ட எண்ணம் ஒண்ணும் கிடையாது, அக்கறையாதான் கேட்டாங்க, ஆனா அக்கா அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து அழுதது எனக்கு இன்னும் மனசுலயே நிக்குது.

அவங்களுக்கு எப்படி தெரிஞ்சுதுன்னு பாத்தா ஃபேஸ்புக். இத்தனைக்கும் அக்கா ஃபோட்டோவே போடமாட்டா, ஸ்டேட்டஸ் எழுதமாட்டா, ப்ரொஃபைல் லாக் போட்டு வச்சிருந்தா. அந்த ஆஸ்பத்திரி பேஜுக்கு ஒரு லைக், அவங்க போடற வீடியோக்கு அப்பப்ப ஒரு ஹார்ட், அவ்ளோதான் அவ பண்ணது. நானும் அவளும் ரெண்டு நாள் சாயங்காலம் உக்காந்து ஒவ்வொரு செட்டிங்ஸா தேடி மாத்தினோம், அப்பதான் எனக்கே புரிஞ்சுது நாம எல்லாரும் எவ்ளோ தப்பா நினைச்சிட்டு இருக்கோம்னு. அதைத்தான் இங்க எழுதறேன்.

மொத தப்பு, லாக் போட்டா எல்லாம் மறைஞ்சிடும்னு நினைக்கறது. ப்ரொஃபைல் லாக் 2020 மே மாசம் இந்தியாவுல வந்துச்சு, முக்கியமா பொண்ணுங்க ஃபோட்டோவ தெரியாதவங்க எடுத்து தப்பா யூஸ் பண்றத தடுக்கத்தான். அந்த வேலைய அது நல்லா செய்யுது, ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இல்லாத ஆளு நம்ம போஸ்ட்டயும் ஃபோட்டோவயும் பாக்க முடியாது. ஆனா அந்த அத்தை அக்கா ஃப்ரெண்ட் லிஸ்ட்லதான் இருந்தாங்க. இதுதான் விஷயமே, நாம யாருக்கு ஒரு விஷயம் தெரியக்கூடாதுன்னு நினைக்கறோமோ, அவங்கள்ல முக்காவாசி பேர் வெளி ஆளுங்க இல்ல, சித்தப்பா, நாத்தனார், ஆபீஸ் மேனேஜர், பக்கத்து வீட்டுக்காரங்க, எல்லாருமே ரெக்வெஸ்ட் அனுப்பி, மறுக்க முடியாம நாம அக்செப்ட் பண்ணவங்க. அதனால "ஃப்ரெண்ட்ஸ்"னு வச்சா பத்திரம்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க. நம்ம ஊர்ல ஃப்ரெண்ட்ஸ்னா அது பாதி சொந்தக்காரங்க லிஸ்ட்.

அடுத்தது லைக்ஸ் லிஸ்ட். நாம லைக் பண்ண பேஜ் எல்லாம், படம், பாட்டு, புக், கிரிக்கெட் டீம், ஹோட்டல், கட்சி, டாக்டர்னு வகை வகையா பிரிச்சு நம்ம ப்ரொஃபைல்ல அடுக்கி வச்சிருக்கு ஃபேஸ்புக். இது ஆரம்பத்துல இப்படி இல்ல, நமக்கு பிடிச்சத நாமளே டைப் பண்ணி எழுதி வைப்போம். 2010 ஏப்ரல்லதான் அப்படி எழுதினத எல்லாம் அந்தந்த பேஜோட இணைக்க ஆரம்பிச்சாங்க, அதே சமயத்துலதான் பேஜ்ல இருந்த "பிகம் எ ஃபேன்" பட்டன் போய் லைக் பட்டன் வந்துச்சு. பழைய அக்கவுண்ட் வச்சிருக்கவங்க அந்த லிஸ்ட போய் பாருங்க, காலேஜ் படிக்கறப்ப யாரோ இன்வைட் பண்ணாங்கன்னு லைக் போட்ட பேஜ் எல்லாம் அப்படியே இருக்கும், சில பேஜ் நடுவுல பேரையே மாத்தி வேற எதுவோ ஆகியிருக்கும், நாம அதுக்கு ஆதரவு தர்ற மாதிரி நம்ம பேர் அங்க நிக்கும். அக்கா லிஸ்ட்ல அப்படி அவளுக்கு சம்மந்தமே இல்லாத ஒரு கட்சி பேஜ் இருந்துச்சு.

இத மாத்தறதுக்கு கம்ப்யூட்டர்லயே உக்காருங்க, போன்ல மெனு அடிக்கடி இடம் மாறிக்கிட்டே இருக்கு. ப்ரொஃபைல் போய் "மோர்" அமுக்கினா "லைக்ஸ்" வரும், அதுல மூணு புள்ளிய தட்டினா லைக்ஸோட ப்ரைவஸிய மாத்தற இடம் வரும். இங்கதான் நிறைய பேர் விட்டுடறாங்க, ஒரே ஒரு பட்டன் இருக்கும்னு நினைச்சு மேல இருக்கறத மட்டும் மாத்திட்டு வந்துடறாங்க. படத்துக்கு தனி, டிவிக்கு தனி, ரெஸ்டாரன்ட்டுக்கு தனி, கடைசியா "அதர் லைக்ஸ்"னு ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா யாரு பாக்கலாம்னு வைக்கணும். ஆஸ்பத்திரி, கடன் கொடுக்கற கம்பெனி, கோச்சிங் சென்டர், இந்த மாதிரி பேஜ் எல்லாம் பெரும்பாலும் அந்த கடைசி வகைலதான் விழுது. அக்காவும் படம், பாட்டு எல்லாம் எப்பயோ "ஒன்லி மீ" போட்டிருந்தா, அந்த கடைசி ஒண்ணு மட்டும் பப்ளிக்ல இருந்துச்சு. இன்னொண்ணு, ப்ரொஃபைல்ல ஒரு பகுதி காட்டாம எடுத்து விடறது வேற, அத யாரு பாக்கலாம்னு மாத்தறது வேற. மொத வேலைய மட்டும் செஞ்சிட்டு முடிஞ்சுதுன்னு போய்டாதீங்க.

லைக்ஸ மறைச்சாச்சு, அப்புறம் ஃபாலோயிங்? இது பத்தி யாரும் சொல்றதே இல்ல. ஒரு பேஜ லைக் பண்ணா தானா ஃபாலோவும் ஆகிடும், அந்த ஃபாலோ லிஸ்டுக்கு வேற இடத்துல தனி செட்டிங் இருக்கு, "நீங்க ஃபாலோ பண்ற ஆளுங்க, பேஜ், லிஸ்ட் எல்லாம் யார் பாக்கலாம்"னு ஒரு கேள்வி மாதிரி, செட்டிங்ஸ் அண்ட் ப்ரைவஸி உள்ள போய் தேடுங்க. அதையும் ஒன்லி மீ ஆக்கினாதான் வேலை பாதியாவது முடியும். முன் கதவ பூட்டிட்டு கொல்லைப்பக்கத்த தொறந்து போட்ட கதைதான் இது இல்லன்னா.

பாதின்னு ஏன் சொல்றேன்னா, இந்த ரெண்டு லிஸ்ட்டும் நம்ம வீட்டுச் சுவர்ல இருக்கற லிஸ்ட், நாம வெளிய போய் போடற லைக்குக்கு இதுல எந்த கன்ட்ரோலும் கிடையாது. ஒரு போஸ்ட்ட யாரு பாக்கலாம்னு முடிவு பண்றது அத போட்டவங்க, லைக் போட்ட நாம இல்ல. ஒரு பேஜ் போடற போஸ்ட் பெரும்பாலும் பப்ளிக்தான், அப்ப அதுக்கு கீழ நாம போட்ட ஹார்ட், கமென்ட், எல்லாமே பப்ளிக், நம்ம ப்ரொஃபைல்ல எத்தன பூட்டு போட்டாலும் சரி. அதுலயும் நம்ம ஃப்ரெண்ட் ஒருத்தர் அதே போஸ்ட்ட பாத்தா, ஆயிரம் பேர் லைக் போட்டிருந்தாலும் தெரிஞ்சவங்கன்னு நம்ம பேரதான் முன்னாடி எடுத்து காட்டும். அத்தைக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கு, அவங்க எதையும் நோண்டி பாக்கல, அந்த ஆஸ்பத்திரி வீடியோ அவங்க ஃபீட்ல வந்துச்சு, கீழ அக்கா பேர் இருந்துச்சு, அவ்ளோதான்.

இதுக்கு ஒரே வழி, சென்சிட்டிவான விஷயத்துல லைக்க எடுத்துடறது. ஒண்ணொண்ணா தேட வேணாம், ஆக்டிவிட்டி லாக்னு ஒண்ணு இருக்கு, அதுல லைக்ஸ் அண்ட் ரியாக்ஷன்ஸ் போனா நாம வருஷக்கணக்கா போட்டது எல்லாம் தேதிவாரியா வரும், மொத்தமா டிக் பண்ணி எடுத்துடலாம். அக்காவுக்கு ரெண்டு வருஷத்து லைக்ஸ் பாத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஆனா உக்காந்து பண்ணுங்க. விளம்பரத்துல கூட நம்ம பேர் போகும், "உங்க ஃப்ரெண்ட் இந்த பேஜ லைக் பண்ணியிருக்காங்க"ன்னு, அத நிறுத்த விளம்பர செட்டிங்ஸ்ல "சோஷியல் இன்டராக்ஷன்ஸ்"னு இருக்கும், அதையும் ஒன்லி மீ பண்ணிடுங்க.

குரூப் விஷயத்துல பேர பாத்து ஏமாந்துடாதீங்க. "பெண்களுக்கு மட்டும்", "ரகசிய குரூப்"னு எல்லாம் பேர் வச்சிருப்பாங்க, ஆனா உள்ள பப்ளிக் குரூப்பா இருக்கும், பப்ளிக்னா மெம்பர் லிஸ்ட், பேசறது எல்லாமே வெளிய தெரியும். சேர்றதுக்கு முன்னாடி பேருக்கு கீழ பப்ளிக்கா ப்ரைவேட்டான்னு எழுதியிருக்கும், அத படிங்க. ப்ரைவேட்னாலும் உள்ள இருக்கற எல்லாரும் நம்மள பாப்பாங்க, இருபதாயிரம் பேர் இருக்கற குரூப்ல நம்ம தெருக்காரங்க ஒருத்தராவது இருக்க வாய்ப்பு இருக்கு. சில குரூப்ல பேர் போடாம கேள்வி கேக்க அனானிமஸ் போஸ்ட் இருக்கும், மெம்பர்ஸுக்கு பேர் தெரியாது, அட்மினுக்கும் மாடரேட்டருக்கும் தெரியும், அது நினைப்புல இருக்கட்டும். உடம்பு, கடன், விவாகரத்து, இந்த மூணு விஷயத்துக்கு குரூப்ல சேரும்போது ரெண்டு தடவ யோசிங்கன்னுதான் நான் சொல்லுவேன். சேராதீங்கன்னு இல்ல, அக்காவுக்கு அந்த மாதிரி ஒரு குரூப்தான் பெரிய தைரியம் குடுத்துச்சு.

இப்ப இன்னொரு பெரிய குழப்பம். ஒன்லி மீன்னு போட்டா நமக்கு மட்டும்தான் தெரியும்னு நினைக்கறோம், அது மத்த மனுஷங்களுக்கு போட்ட திரை, கம்பெனிக்கு இல்ல. நாம எதுல ஆர்வமா இருக்கோம்னு வச்சுதான் அவங்க விளம்பரம் காட்டறாங்க. லைக்ஸ வச்சு எவ்ளோ தெரிஞ்சுக்கலாம்னு 2013-லயே கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் காட்டிட்டாங்க, அமெரிக்காவுல 58,000-க்கு மேல ஆளுங்களோட லைக்ஸ மட்டும் எடுத்து, இவர் அங்க இருக்கற ரெண்டு பெரிய கட்சில டெமாக்ரட்டா ரிபப்ளிக்கனான்னு 85 சதவீதம் சரியா பிரிச்சாங்க, ஆம்பளைங்கள்ல தன்பால் ஈர்ப்பு உள்ளவங்க யாருன்னு 88 சதவீதம். அதுல என்ன உறுத்துதுன்னா, அப்படி கண்டுபிடிக்கப்பட்டவங்கள்ல நேரடியா அந்த மாதிரி பேஜ லைக் பண்ணவங்க 5 சதவீதத்துக்கும் கம்மி, பாட்டு, டிவி ஷோன்னு சாதாரண லைக்ஸ சேத்து வச்சே தெரிஞ்சிடுச்சு. அதனால ஒரு பேஜ மட்டும் எடுத்துட்டா போதும்னு நினைக்கறதும் தப்புதான்.

இதுக்கு போக வேண்டியது அக்கவுண்ட்ஸ் சென்டர், அதுல ஆட் ப்ரிஃபரன்ஸஸ். ஆட் டாப்பிக்ஸ்ல ஒரு விஷயத்த தேடி "சீ லெஸ்" கொடுக்கலாம், அது கம்மியாக்கும், சுத்தமா நிறுத்தும்னு எதிர்பாக்காதீங்க. அதே அக்கவுண்ட்ஸ் சென்டர்ல, ஃபேஸ்புக்கோட தாய் கம்பெனி மெட்டாவுக்கு வெளிய நாம மத்த ஆப்லயும் வெப்சைட்லயும் பண்றது என்னென்ன இவங்களுக்கு வந்திருக்குன்னு ஒரு லிஸ்ட் இருக்கு, 2020-லேர்ந்து எல்லாருக்கும் வந்த வசதி. நாங்க தொறந்தப்ப அக்கா ஒரு தடவ மாத்திரை வாங்கின ஆப், டெஸ்ட் புக் பண்ண சைட் எல்லாம் வரிசையா இருந்துச்சு, ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அதுல பழசு எல்லாத்தையும் க்ளியர் பண்ணலாம், இனிமே வர்றதையும் துண்டிக்கலாம். பழச மட்டும் க்ளியர் பண்ணிட்டு வந்துட்டா மறுநாள்லேர்ந்து திரும்ப சேர ஆரம்பிச்சிடும், ரெண்டையும் செய்யணும்.

அப்புறம் "ஃபேஸ்புக் மூலமா லாகின்", "நீங்க போன ஜென்மத்துல யாரு"ன்னு வர்ற குவிஸ். ஒரு குவிஸ் ஆப் வழியா ஃபேஸ்புக் ஆளுங்களோட டேட்டா கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாங்கற அரசியல் ஆலோசனை கம்பெனிக்கு போன விவகாரம் 2018-ல வெளிய வந்தப்ப ஃபேஸ்புக்கே சொன்ன கணக்கு, அந்த குவிஸ் ஆப்ப இந்தியாவுல இன்ஸ்டால் பண்ணவங்க வெறும் 335 பேர், ஆனா அவங்க ஃப்ரெண்ட் லிஸ்ட் வழியா பாதிக்கப்பட்டிருக்கலாம்னு சொன்னது 5,62,000-க்கு மேல. போன டேட்டால லைக்ஸும் இருந்துச்சு. அந்த மாதிரி ஃப்ரெண்ட்ஸோட டேட்டாவ அள்ளற வழிய இப்ப மூடிட்டாங்க, இருந்தாலும் செட்டிங்ஸ்ல ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ் போய் பாத்து தேவையில்லாதத எடுத்துடுங்க. எடுத்தா இனிமே போகாது, ஏற்கனவே போனது அவங்ககிட்டதான் இருக்கும், அது வேணாம்னா அந்த ஆப்காரங்ககிட்டதான் தனியா கேக்கணும்.

மத்த இடங்கள பத்தி சுருக்கமா. இன்ஸ்டாகிராம்ல ஃபாலோயிங் லிஸ்ட்ட மட்டும் தனியா மறைக்கற வசதி கிடையாது, அக்கவுண்ட்ட ப்ரைவேட் ஆக்கினாலும் நம்ம ஃபாலோயர்ஸ் எல்லாரும் பாக்கலாம், அதனால அங்க ஃபாலோயர்ஸ் லிஸ்ட்ட சுத்தம் பண்றதுதான் வழி. எக்ஸ்ல (பழைய ட்விட்டர்) 2024 ஜூன்லேர்ந்து நாம போட்ட லைக்ஸ் லிஸ்ட் மத்தவங்களுக்கு தெரியாது, ஃபாலோயிங் தெரியும். யூடியூப்ல சப்ஸ்க்ரிப்ஷன ப்ரைவேட்டா வைக்க செட்டிங்ஸ்ல ப்ரைவஸி உள்ள ஒரு பட்டன் இருக்கு, அது ஆன்ல இருக்கான்னு பாருங்க.

எல்லாம் மாத்திட்டு சரி பாக்கறதுலயும் ஒரு தப்பு நடக்குது. "வியூ அஸ்" இருக்கே, அது பப்ளிக்கா பாக்கறவங்களுக்கு எப்படி தெரியும்னு மட்டும்தான் காட்டும். முன்ன ஒரு குறிப்பிட்ட ஃப்ரெண்ட் கண்ணுக்கு எப்படி தெரியும்னும் பாக்க முடிஞ்சுது, 2018 செப்டம்பர்ல அந்த வசதில இருந்த ஓட்டை வழியா பெரிய ஹேக் நடந்ததால நிறுத்தி, 2019-ல திரும்ப கொண்டு வந்தப்ப பப்ளிக் வியூ மட்டும்தான் வந்துச்சு. நமக்கு பயம் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்கறவங்கன்னா வியூ அஸ்ல சுத்தமா தெரியறத நம்பி பிரயோஜனம் இல்ல. நம்பிக்கையான ஒருத்தர் போன வாங்கி நம்ம ப்ரொஃபைல ஒரு தடவ முழுசா பாத்துடுங்க. நாங்க என் போன்லயும் அம்மா போன்லயும் பாத்தோம், என் போன்ல பாத்தப்பதான் ஃபாலோயிங் லிஸ்ட் இன்னும் தெரியறது எங்களுக்கு பிடிபட்டுச்சு.

அக்கா அந்த ஆஸ்பத்திரி பேஜ இப்பவும் பாக்கறா. லைக், ஹார்ட் எதுவும் கிடையாது, வீடியோ உபயோகமா இருந்தா மூணு புள்ளிய தட்டி சேவ் பண்ணி வச்சுக்கறா, சேவ் பண்ணது வேற யாருக்கும் தெரியாது. டாக்டர் போடற சாப்பாட்டு லிஸ்ட் எல்லாம் தனி கலெக்ஷனா போட்டு வச்சிருக்கா, மாமா சமைக்கற அன்னிக்கு அதத்தான் தொறந்து குடுக்கறா.