பூச்சை ஓட்டுக்கு மேலே ஏறிவிட்டது: காப்பகத்துப் பூனையை எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

"அக்கா, பூச்ச ஓட்டுக்க மேல ஏறிட்டு, எறங்க மாட்டேங்கு."

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்குப் போகும் காப்பகத்திலிருந்து அன்று காலைதான் மூன்று வயது செவலைப் பூனை ஒன்றை எடுத்துப் போயிருந்தான். பழம் வந்த அட்டைப்பெட்டியில் வைத்து, இரண்டு பஸ் மாறி, வீட்டுக்குப் போனதும் நடுவீட்டில் பெட்டியைத் திறந்திருக்கிறான். சுற்றி ஏழு பேர், அதில் மூன்று குழந்தைகள், டிவி வேறு ஓடிக்கொண்டிருந்தது. பூனை ஒரே தாவாகத் தாவி, ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி, ஓட்டைத் தாங்கும் கழுக்கோல் மரத்தின் வழியாகச் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளிக்குள் போய்விட்டது. மூன்றாவது நாள் விடியற்காலை இரண்டு மணிக்கு, வீடே அடங்கிய பிறகுதான் இறங்கி வந்தது.

அந்தத் தம்பிக்கு ஆசை குறைவில்லை, அக்கறையும் குறைவில்லை. அவசரம்தான் கெடுத்தது. காப்பகத்துக்குத் திரும்பி வரும் பூனைகளை நான் பார்த்தவரை, பெரும்பாலானவை முதல் இரண்டு வாரத்துக்குள் வருகின்றன. கொண்டு வருபவர்கள் சொல்வதும் ஒன்றேதான்: "எப்பவும் ஒளிஞ்சே கிடக்கு, பழகாது." அது அந்தப் பூனையின் குணமில்லை, பயம். பூனைக்கு ஆளை விட இடம்தான் முதலில் பழக வேண்டும். புது இடத்தின் வாசனையும் சத்தமும் எங்கே ஓடி ஒளியலாம் என்பதும் பிடிபடாத வரை நம் அன்பு அதற்கு உறைக்காது.

முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிடுவது

இதுதான் பெரிய தவறு, மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் பிறக்கின்றன. ஒரே ஓர் அறையை ஒதுக்குங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னும் நிறைய ஓட்டு வீடுகள் இருக்கின்றன. அப்படியென்றால் கான்கிரீட் கூரை போட்ட அறையைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஆள் அதிகம் புழங்காத குளியலறைகூடப் போதும். ஒரு மூலையில் மண் தட்டு, அதற்கு எதிர்மூலையில் சாப்பாடும் தண்ணீரும். சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் மலம் கழிக்கப் பூனைக்குப் பிடிக்காது. ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பழைய துவர்த்து (துண்டு) ஒன்றை விரித்து வையுங்கள். அது ஒளிந்துகொள்ளட்டும். ஒளிய இடம் கிடைத்த பூனைதான் சீக்கிரம் வெளியே வரும்.

போன வருடம் நானே ஒரு பூனையை எடுத்தேன். கறுப்பும் செம்பட்டையும் கலந்த பெண் பூனை. காப்பகத்தில் ஒரு வருடமாக இருந்தது. வந்த அன்றே அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது. முதல் நாள் எதுவும் தின்னவில்லை. இரண்டாம் நாள் காலையில் கிண்ணம் பாதி காலி. நான் தினமும் சாயங்காலம் அந்த அறைத் தரையில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதாவது படிப்பேன். கூப்பிடவோ கை நீட்டவோ மாட்டேன். ஒன்பதாம் நாள் டிரம்முக்கு இந்தப் பக்கம் வால் நுனி மட்டும் தெரிந்தது. பத்தொன்பதாம் நாள், என் குதிகாலில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. நான் அசையவில்லை. அது இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் டிரம்முக்குப் பின்னால் போய்விட்டது. அடுத்த வாரம் மடியில் ஏறிவிட்டது.

பூனை வளர்ப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று நாளில் பயம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு புரியும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நினைக்கும். சில பூனைகள் ஒரே நாளில் காலைச் சுற்றும், சிலவற்றுக்கு அரை வருடம் ஆகும். ஆனால் மூன்றாம் நாளே மனம் உடைந்து போகாமல் இருக்க இந்தக் கணக்கு உதவும். வெறித்துப் பார்க்காமல், அது பார்க்கும்போது கண்ணை மெல்ல மூடித் திறந்து பாருங்கள். பல பூனைகள் பதிலுக்கு அதையே செய்யும்.

காப்பகத்து நாற்றம் என்று வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள அதற்குத் தெரியும்.

வீட்டில் கிணறு இருந்தால் பூனை வரும் முன்பே வலை போட்டுவிடுங்கள். ரப்பர் மரம் வைத்திருப்பவர்கள் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் பாத்திரத்தை மூடி வைக்க வேண்டும். ரப்பர் ஷீட்டைக் காய வைக்கும் புகைப்புரையின் வெதுவெதுப்பு பூனைக்கு ரொம்பப் பிடிக்கும், போகிற வழியில் அந்தப் பாத்திரத்தில் கால் வைத்துவிட்டு, பிறகு காலை நக்கும்.

சாக்கு, அட்டைப்பெட்டி

சாக்கில் கட்டிக் கொண்டு போனால் பூனைக்கு வழி தெரியாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சாக்குக்குள் மூச்சு முட்டும், சூடு ஏறும், அவ்வளவுதான் நடக்கும். அட்டைப்பெட்டி மூத்திரம் பட்டால் நனைந்து பிய்ந்துவிடும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் அப்படிப் பிய்ந்து ஓடிய பூனையை நாங்கள் நான்கு நாள் தேடியிருக்கிறோம். பூனைக் கூண்டு வாங்க முடியாவிட்டால், காய் வாங்கும் பெரிய பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை வாயோடு வாய் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே துணி போர்த்துங்கள். எல்லாக் கதவும் ஜன்னலும் மூடிய பிறகு, அந்த ஒதுக்கிய அறைக்குள் மட்டும்தான் திறக்க வேண்டும்.

சாளை, மீன்குழம்பு, பால்

நம் ஊரில் பூனைக்கு மீன் கொடுக்காதே என்றால் யாரும் கேட்கமாட்டார்கள், நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் தினமும் சாளை, தினமும் சூரை என்று எண்ணெய் மீனாகவே கொடுத்துவந்தால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு வீங்கி வலிக்கும் நோய் வரும். தடவினாலே பூனை கத்தும். சில மீன்களைப் பச்சையாகத் தின்னும்போது, வைட்டமின் பி1-ஐ அழிக்கும் ஒரு நொதியும் சேர்ந்து உள்ளே போகும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். அதனால் உப்பு, மிளகாய் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். மற்ற நாட்களில் வேகவைத்த கோழி, கோழி ஈரல் கொஞ்சம், பூனைக்கான கடைத் தீவனம்.

மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் உள்ளியும் (வெங்காயம்) பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். பால் பெரும்பாலான பெரிய பூனைகளுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும். சைவ வீட்டில் வெறும் தயிர்சோறு போட்டு வளர்க்கலாம் என்று எடுப்பவர்களிடம் வெளிப்படையாகச் சொல்கிறேன், முடியாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தயாரிக்காது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். டாரின் சேர்த்த கடைத் தீவனம் தர மனம் இருந்தால் தாராளமாக எடுங்கள்.

காப்பகத்தில் என்ன தின்றது என்று கேட்டு, முதல் வாரம் அதையே கொடுத்து, மெல்ல மாற்றுங்கள். ஒரு நாள் தின்னாமல் இருப்பது சகஜம். இரண்டு நாள் தாண்டினால் காத்திருக்காதீர்கள், பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

எலி பிடிக்கும் என்று எடுப்பவர்கள் உண்டு. சரி, பிடிக்கட்டும். ஆனால் பட்டினி போட்டால்தான் பிடிக்கும் என்பது பொய், வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். பூனையை வைத்துக்கொண்டே எலி மருந்தும் வைப்பது எல்லாவற்றையும் விட மோசம். மருந்து தின்ற எலியைத் தின்று பூனையும் சாகும்.

மண் தட்டுக்குக் கடல்மணல் அள்ளி வராதீர்கள். மரத்தூளோ காய்ந்த தென்னை நார்க்கழிவோ போதும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஈரம் பிடித்த தூளில் பூஞ்சை வரும், அடிக்கடி மாற்றுங்கள்.

தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் வருவது

பல பூனைகள் ஒன்றாக இருக்கும் இடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நோய் இருக்கும். அதில் கொடியது, பலரும் பூனைப் பார்வோ என்று சொல்லும் நோய். வாந்தி, பேதி, இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும். அந்தக் கிருமி வீட்டுக்குள் ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். உங்கள் வீட்டில் முன்பு ஒரு குட்டி அப்படி இறந்திருந்தால், தடுப்பூசி போட்டு முடித்த பெரிய பூனையை எடுங்கள். புதுக் குட்டியைக் கொண்டு வந்து அதையும் பறிகொடுக்காதீர்கள். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம் வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு. வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால், புதியதை இரண்டு வாரம் தனியாக வையுங்கள். படர்தாமரை இருந்தால் அதுவும் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

கை மருந்து கூடாது. நமக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். நாய்க்கு உண்ணி போக வைத்திருக்கும் மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதுவும் விஷம். ஆண் பூனை மண் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் மூத்திரம் போகவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் என்பது தாமதம். இங்கே முடியாத சிகிச்சைக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர்.

"ஒரு தடவை குட்டி போடட்டும், பிறகு ஆபரேஷன் பண்ணலாம்" என்று நினைக்காதீர்கள். நான்கு மாதத்திலேயே சினைப்பிடிக்கலாம், ஒன்பது வாரத்தில் குட்டி. அந்தக் குட்டிகளுக்கு வீடு கிடைக்காமல்தான் காப்பகங்கள் நிறைந்து கிடக்கின்றன. காதுநுனி வெட்டப்பட்டிருந்தால் ஏற்கெனவே கருத்தடை ஆனது என்று பொருள். அதை ஊனம் என்று ஒதுக்காதீர்கள்.

வீட்டில் எல்லோரிடமும் கேட்காமல் எடுப்பது

மாமியாருக்குப் பிடிக்காது, வீட்டு ஓனருக்குத் தெரியாது, மெல்லச் சமாளிக்கலாம் என்று எடுத்த பூனைகள் திரும்பி வருகின்றன. கர்ப்பிணி இருந்தால் பூனையே ஆகாது என்பார்கள். மண் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும், ஏனென்றால் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வெளியேறிய பிறகு தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவர் இருந்தால் முதலில் காப்பகத்துக்கு வந்து அரைமணி நேரம் பூனைகளோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.

எல்லோரும் குட்டிதான் கேட்கிறார்கள். கறுப்புப் பூனை வேண்டாம், சகுனம் என்கிறார்கள். எங்கள் காப்பகத்தில் அதிக நாள் காத்திருப்பவை கறுப்புப் பூனைகள்தான், அதில் பெரும்பாலானவை சாதுவானவை. இரண்டு மாதம் நிறையாத குட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேலைக்குப் போய்ப் பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் ஒரு குட்டிக்குப் பதில் உடன்பிறந்த இரண்டை எடுங்கள், அல்லது அமைதியான பெரிய பூனையை எடுங்கள்.

இத்தனையும் பார்த்துச் செய்தும் சில நேரம் ஒத்து வராது. வெட்கப்பட்டு மீன் சந்தைப் பக்கம் விட்டுவிடாதீர்கள். பசியால் துன்பப்படும் என்று தெரிந்தும் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காப்பகத்துக்கே கொண்டு வாருங்கள், யாரும் திட்டமாட்டார்கள். வரும்போது அது எங்கே படுத்தது, எதைத் தின்றது, யாரைக் கண்டு ஒளிந்தது என்று சொல்லுங்கள். அடுத்து எடுக்க வருகிறவரிடம் நாங்கள் முதலில் சொல்வது அதைத்தான்.