வைப்பர் பிளேடை எப்போது மாற்றுவது? பலரும் செய்யும் தவறுகள்

பலருக்கும் வைப்பர் நினைவுக்கு வருவது மழை கொட்டும்போதுதான். அந்த நேரத்தில் கோடு கோடாகத் தண்ணீரை இழுக்கும் பிளேடை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வண்டியில் பிரேக், டயர் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு இதைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். எதிரே இருப்பது தெரிந்தால்தானே சரியான நேரத்தில் பிரேக்கை மிதிக்க முடியும்?

"நான் வைப்பரைப் போடுவதே இல்லை, அதனால் தேய்ந்திருக்காது" என்று நினைப்பது முதல் தவறு. ரப்பர் உரசலால் மட்டும் கெடுவதில்லை. வெயில், சூடு, காற்றில் இருக்கும் ஓசோன் எல்லாமே அதை இறுக்கி, விளிம்பில் பொடி வெடிப்புகளை உண்டாக்கும். வெயிலில் சும்மா நிற்கும் காரிலும் பிளேடுக்கு வயதாகிறது. பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றச் சொல்வார்கள். அந்தக் கணக்கை நான் பிளேடைச் சோதித்துப் பார்ப்பதற்கான கெடுவாகத்தான் எடுத்துக்கொள்வேன். சில பிளேடுகள் அதற்கு முன்பே போய்விடும், சில அதைத் தாண்டியும் நன்றாகத் துடைக்கும்.

சோதிப்பது எளிது. பிளேடைத் தாங்கும் கம்பியான வைப்பர் கையைத் தூக்கி, ரப்பரின் விளிம்பை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். வெட்டு, வெடிப்பு, பிய்ந்த இடம், வளைத்தால் வளையாத விறைப்பு, இதில் எது இருந்தாலும் மாற்றிவிடலாம். விரலில் கறுப்பு ஒட்டுகிறதே என்று மட்டும் பயப்பட வேண்டாம். வழுவழுப்புக்காகப் பல பிளேடுகளில் கிராஃபைட் பூச்சு இருக்கும், புதிதிலும் அது ஒட்டும்.

அடுத்த தவறு இதற்கு நேர்மாறானது: எது நடந்தாலும் பிளேடைக் குறை சொல்வது. முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கோ, வண்டி கழுவும்போது பட்ட மெழுகோ படிந்திருந்தால் புத்தம் புதிய பிளேடும் மங்கலாகத்தான் துடைக்கும். அதனால் முதலில் கண்ணாடியை நன்றாகக் கழுவுங்கள். ரப்பரையும் லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். அப்புறம் வாஷர் தண்ணீரை அடித்து வைப்பரை ஓடவிட்டுக் கவனியுங்கள்.

போகும்போதும் வரும்போதும் ஒரே இடத்தில் மெல்லிய கோடு விழுந்தால் அந்த இடத்தில் ரப்பர் விளிம்பு வெட்டுப்பட்டிருக்கிறது. அகலமாக ஒரு பகுதி துடைபடாமலே நின்றால், அங்கே ரப்பர் கண்ணாடியில் அழுந்தவில்லை என்று பொருள். பிளேடின் சட்டம் வளைந்திருக்கலாம், வைப்பர் கையில் இருக்கும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம். தடதடவென்று குதித்துப் போகிறதா? வைப்பர் திசை திரும்பும் ஒவ்வொரு முறையும் ரப்பரின் விளிம்பு மறுபக்கம் சாய வேண்டும். இறுகிப்போன ரப்பர் அப்படிச் சாயாது, அதனால்தான் அந்தக் குதிப்பு. புது பிளேடு போட்டும் குதித்தால் வைப்பர் கை முறுக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது இன்னொரு பிளேடு வாங்குவது வீண் செலவு, கையைச் சரிசெய்யக் கொடுங்கள்.

இந்தச் சோதனையைப் பகலில் மட்டும் செய்துவிட்டு "இது போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். பிளேடு விட்டுச்செல்லும் மெல்லிய நீர்ப்படலம் பகலில் பெரிதாகத் தெரியாது. இரவில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் அதில் பட்டுச் சிதறினால் சாலையே மறைந்துவிடும். குறுக்கே நடப்பவர் கண்ணில் படாமல் போவது இப்படித்தான். அதனால் மழை இரவில் கண்ணாடி கூசினால் மேலும் தள்ளிப்போடாதீர்கள். ரப்பர் கழன்று தொங்கும்வரை ஓட்டினால் நஷ்டம் இன்னும் பெரிது. சட்டத்தின் உலோகமோ பிளாஸ்டிக்கோ நேராகக் கண்ணாடியில் உரசிக் கீறல் போட்டுவிடும். ஆழமான கீறல் என்றால் கண்ணாடியையே மாற்ற வேண்டிவரும்.

வாங்கும்போது ஓட்டுநர் பக்க அளவும் மறுபக்க அளவும் பல வண்டிகளில் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். பழையதை அளந்து பாருங்கள், வைப்பர் கையில் மாட்டும் கொக்கியின் வகையையும் பாருங்கள். நீளமான பிளேடு கூடுதலாகத் துடைக்கும் என்று வாங்கினால் இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் வேண்டாம். இரண்டும் ஒரே வெயிலில் கிடந்தவைதானே.

மாட்டும்போது நடக்கும் விபத்து ஒன்று உண்டு. பிளேடைக் கழற்றிவிட்டு வைப்பர் கையை அப்படியே தூக்கி நிறுத்திவைப்பார்கள். ஸ்பிரிங் இழுத்து அது கீழே அறைந்தால் வெறும் உலோகம் கண்ணாடியைப் பிளந்துவிடும். கீழே தடிமனான துண்டு ஒன்றை விரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சில கார்களில் வைப்பர் கை பானெட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பலவந்தமாகத் தூக்கினால் பெயின்ட் போகும். அதை மேலே கொண்டுவரும் முறை வண்டியின் கையேட்டில் இருக்கும். ரப்பர் மேல் பாதுகாப்பு உறை வந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். கொக்கி 'டக்' என்று விழுந்த பிறகு ஒருமுறை இழுத்தும் பாருங்கள்.

தூசி படிந்த காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடுவது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் தண்ணீர் அடியுங்கள். இறுகிய ரப்பரை மென்மையாக்கலாம் என்று மண்ணெண்ணெய், பெட்ரோல், எண்ணெய் எதையும் தடவாதீர்கள். ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும், கண்ணாடியிலும் பிசுக்குப் படியும்.

பின்கண்ணாடி வைப்பர் இருக்கும் வண்டி என்றால் அதையும் கையோடு சோதித்துவிடுங்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றப்படாமலே இருப்பது பெரும்பாலும் அதுதான்.