மான் உண்ணி கடித்தால்: ட்வீசர் முதல் டாக்டர் வரை

அமெரிக்காவில் கனெக்டிகட், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் பக்கம் குடியிருக்கிறீர்கள், கொல்லைப்புறம் காட்டை ஒட்டியிருக்கிறது, பொழுது சாய்ந்தால் மான் வந்து நிற்கிறது என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். மான் உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா நோய்தான் லைம். அந்த நோய்க்குப் பெயர் கொடுத்த லைம் என்ற ஊரே கனெக்டிகட்டில்தான் இருக்கிறது. 1970களின் நடுவில் அந்த வட்டாரத்துக் குழந்தைகள் பலருக்கு ஒன்றாக மூட்டு வீங்க, தாய்மார்கள் விடாமல் கேள்வி கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது.

நம்மவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவது பெரும்பாலும் மே, ஜூன், ஜூலையில். குட்டி உண்ணிகள் அதிகம் கடிப்பதும் அதே மாதங்களில்தான்.

1. எதைத் தேடுகிறோம்

மாட்டுக் காதில் உப்பிக் கிடக்கும் உண்ணியை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் கண்ணில் படாது. இங்கே ஆபத்தானது மான் உண்ணி என்கிற கறுப்புக்கால் உண்ணியின் குட்டிப் பருவம். அளவில் ஒரு கசகசா விதைதான். நோய்க்கிருமியை அது எடுத்துக்கொள்வது வெள்ளைக்கால் எலியிடமிருந்து. மான், உண்ணியைச் சுமந்து வருமே தவிர கிருமியைக் கொடுப்பதில்லை. அதனால் 'எங்கள் தெருவில் மானே இல்லை' என்று நிம்மதியாக இருக்க முடியாது.

2. வெளியே போகும் முன்

பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி, 0.5 சதவீதம் ஸ்ப்ரேயாக வாங்குங்கள். ஷூ, சாக்ஸ், பேன்ட்டில் வெளியே வைத்து அடித்து, நன்றாகக் காயவிட்டு உடுத்துங்கள். இது துணிக்கு மட்டும், தோலில் படக்கூடாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை அதை அண்டவிடாதீர்கள், பூனைக்கு இது விஷம்.

தோலில் பூசும் பூச்சிவிரட்டியில் என் ஓட்டு 20 சதவீத பிக்காரிடினுக்கு. டீட்டும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் கண்ணாடி ஃபிரேம், வாட்ச் பட்டை போன்ற பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், வாடையும் போகாது. வேப்பெண்ணெயை மட்டும் நம்பிப் புதரில் இறங்க வேண்டாம்.

3. திரும்பி வந்ததும்

வரிசை முக்கியம். உடுத்தியிருந்த துணியை முதலில் டிரையரில் போட்டு, அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். அப்புறம் துவைக்கலாம். குளிர்ந்த தண்ணீரில் துவைத்தால் உண்ணி சாகாது. நனைந்த துணியை டிரையரில் போட்டாலோ பத்து நிமிடம் பத்தாது.

இரண்டு மணி நேரத்துக்குள் குளித்துவிட்டு உடம்பைத் தேடுங்கள். அக்குள், காதின் பின்புறம், தொப்புள், முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு எல்லாம் பார்க்க வேண்டும். பாவாடை நாடா, அரைஞாண் கயிறு பதியும் இடுப்பு வரியை மறக்கவே கூடாது. நீளமான கூந்தலில் சீப்பு உதவாது, விரல் நுனியால்தான் தடவிப் பார்க்க வேண்டும். புது மச்சம் மாதிரி தெரிந்தால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். மச்சத்துக்குக் கால் இருக்காது.

4. பிடுங்குவது

சொல்லும்போது சுலபம், கை நடுங்கும் இடம் இதுதான். முதலில் கருவி. புருவம் திருத்தும் சாய்வான ட்வீசர் வேண்டாம். அதன் வாய் அகலம். குட்டி உண்ணியின் தலையை விட்டுவிட்டு வயிற்றைத்தான் பிடிக்கும். ஊசி முனை ட்வீசர் ஒன்று வாங்கி முதலுதவிப் பெட்டியில் போட்டு வையுங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கொக்கிகள் பெரிய உண்ணிக்குச் சரி, கசகசா அளவுக்கு எனக்குத் திருப்தி இல்லை.

நல்ல வெளிச்சத்தில், தோலோடு ஒட்டினாற்போல உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடியுங்கள். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேர்மேலாக ஒரே சீராக இழுங்கள். தோலும் கூடவே கொஞ்சம் எழும்பும். அந்த நேரத்தில் விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். அப்படியே பிடித்திருந்தால் சில நொடிகளில் உண்ணி பிடியை விடும். வாய்த்துணுக்கு தோலுக்குள் தங்கிவிட்டால் ட்வீசரில் எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் ஊசியால் நோண்ட வேண்டாம், தோல் தானே தள்ளிவிடும்.

மண்ணெண்ணெய், வாசலின், நெயில் பாலிஷ், ஊதுபத்திச் சூடு எதுவும் வேண்டாம். அது தானாகக் கழன்று விழும்வரை காத்திருப்பதும் நேர விரயம். லைம் கிருமி உடம்புக்குள் இறங்க, உண்ணி பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். சீக்கிரம் எடுப்பதில்தான் லாபமே. எடுத்ததை நகத்தால் நசுக்காதீர்கள், செலோடேப்பில் ஒட்டி வையுங்கள். இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

5. தேதி, போட்டோ, போன்

எடுத்த தேதியையும் கடித்த இடத்தையும் குறித்து, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். லைம் பரவும் ஊரில், இந்த வகை உண்ணி ரத்தம் குடித்து உப்பியிருந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஒரே ஒரு வேளை கொடுப்பதுண்டு. வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். 'வெள்ளிக்கிழமை எடுத்தேன், திங்கட்கிழமை கூப்பிடலாம்' என்று இருந்தால் அந்தக் கெடு தாண்டிவிடும்.

6. அடுத்த ஒரு மாதம்

லைம் தொற்றியிருந்தால் தோலில் தடிப்பு பெரும்பாலும் 3 முதல் 30 நாளுக்குள் வரும். முதல் ஓரிரு நாளில் தெரியும் சின்னச் சிவப்பு பெரும்பாலும் கடித்த எரிச்சல்தான். நோயின் தடிப்பு நாளுக்கு நாள் விரியும். தொட்டால் லேசாகச் சூடு இருக்கலாம், அரிப்போ வலியோ பெரும்பாலும் இருக்காது. பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் தேடினால் வெள்ளைத் தோலில் வட்டத்துக்குள் வட்டமாகச் சிவந்த படங்கள்தான் வரிசையாக வரும். நம் மாநிறத்தில் அது கன்றிப்போன மாதிரி, ஊதாவோ பழுப்போ கலந்து மங்கலாகத் தெரியலாம். உள்வட்டம் இல்லாமல் ஒரே திட்டாகவும் வரும். அம்மா மஞ்சள் அரைத்துப் பற்றுப் போடத் தயாராக இருப்பார், தடுத்துவிடுங்கள். மஞ்சள் கறைக்கு அடியில் நிறம் மாறுவது தெரியவே தெரியாது.

தடிப்பு வராதவர்களும் உண்டு. காய்ச்சல், உடம்புவலி, முகத்தில் ஒரு பக்கம் கோணுவது, முழங்கால் வீக்கம், நெஞ்சுப் படபடப்பு எது வந்தாலும் உண்ணிக்கடியைச் சொல்லிக் காட்டுங்கள். முதல் சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை 'நோய் இல்லை' என்றே காட்டலாம், எதிர்ப்புப் பொருள் உருவாக நாளாகும். விரியும் தடிப்பு இருந்தால் பரிசோதனைக்குக் காத்திராமலே மருந்து தொடங்குவார்கள்.

பிற்சேர்க்கை

'டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை' என்று சிலர் எழுதியிருந்தார்கள். இதே உண்ணி பபீசியா என்ற ஒட்டுண்ணியையும் பரப்பும். மலேரியா போல அதுவும் ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்துகொள்ளும். அதற்கு மருந்து வேறு. டாக்டரிடம் பபீசியா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். மண்ணீரல் எடுத்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

இன்னொரு கேள்வி, கடிபட்ட பெற்றோர் அடுத்த வாரமே சென்னை திரும்புகிறார்கள் என்றால்? அங்கே காய்ச்சல் என்று போனால் டெங்கு, டைபாய்டு, மலேரியா என்றுதான் பார்ப்பார்கள். லைம் யார் நினைவுக்கும் வராது. ஊர்ப் பெயர், உண்ணி எடுத்த தேதி, எடுத்த போட்டோ மூன்றையும் அப்பாவின் வாட்ஸப்புக்கு அனுப்பிவிடுங்கள், ஒரு தாளிலும் எழுதி மருந்துப் பையில் வைத்துவிடுங்கள்.