அரைப்பேர் என்றால் அரைநாள் அல்ல: மலையக மக்களின் வரலாற்றைப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பாட்டியின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழர், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே வயதானவர். பேச்சில் ‘அரைப்பேர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. வாசகருக்குப் புரியட்டும் என்று அதை ‘அரைநாள் கூலி’ என மாற்றினேன். நான் செய்த தவறுகளில் இதைத்தான் பெரியது என்பேன்.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் தொழிலாளியின் பெயருக்கு நேரே விழும் பதிவு அது. குறித்த எடைக்குக் கொழுந்து இல்லையென்றால் பாதிதான் விழும். ஆனால் மலையில் நின்றது முழு நாள். என் திருத்தம் அந்த அநியாயத்தையே அழித்துவிட்டு, பாட்டியை அரைநாள் வேலைக்காரியாக்கிவிட்டது.

ஆகவே தோட்டத்துச் சொற்களில் கை வைக்காதீர்கள். காம்பரா (தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் ஓர் அறை), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), படங்கு (இடுப்பில் கட்டும் சாக்கு) எல்லாம் அப்படியே நிற்கட்டும். பொருளைப் பக்கத்தில் எழுதுங்கள். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதற்குப் பெயர் ‘பெரட்டு’. ஆங்கிலப் பட்டாளத்தின் ‘பரேட்’ தொழிலாளர் வாயில் தேய்ந்து வந்த வடிவம் அது. ‘காலை வருகைப்பதிவு’ என்று எழுதினால் அந்தப் பட்டாள வாடை போய்விடும். ‘கூலி’ என்று ஆளையே குறிக்கும் பழைய ஆவணச் சொல்லை மேற்கோளில் மாற்ற வேண்டாம். உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதவும் வேண்டாம்.

அடுத்தது, எங்கிருந்து தொடங்குவது என்பது. 2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டுகள் நினைவுகூரப்பட்டன. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமும் நடந்தது. அது பற்றிய எழுத்து பலவற்றில் வரிசை ஒன்றுதான்: 1820களில் காப்பி, 1869இல் இலைநோய், பிறகு தேயிலை, 1948இல் அவர்களை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம். முதல் மூன்றும் துரைமாரின் நாட்காட்டி. காப்பி செத்த கதை விரிவாக இருக்கும். காப்பி பறித்தவர் கதை ஒரு வரியில் முடியும். ‘துண்டு’ முறையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கடனைக் கட்டினால் இந்த ஆளை விடலாம் என்று எழுதிய அந்தச் சீட்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அது ஒழிந்தது. காப்பியோ தேயிலையோ, அந்தச் சீட்டுக்குக் கட்டுப்பட்டிருந்த குடும்பத்துக்கு வாழ்க்கையைப் பிரித்த ஆண்டு அதுதான்.

கண்ணீரை மட்டும் தேடிப் போவது இன்னொரு தவறு. அட்டைக்கடியும் லயத்து இருட்டும் உண்மைதான். ஆனால் மேடையேறிப் பாட்டாலேயே தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சி அம்மாளும், 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு இறந்த கோவிந்தனும் இதே வரலாறுதான். தலைவர்களிடம் மட்டும் கேட்டு முடிப்பவர்களுக்கு ஒன்று: கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பேட்டியை இன்னொரு நாள் தனியாக எடுங்கள்.

“எந்த வருடம்?” என்று கேட்காதீர்கள். தப்பான எண் ஒன்று மரியாதைக்காகக் கிடைக்கும். இலங்கையிலிருந்து இந்தியா வந்தவரிடம், எந்தத் துறைமுகத்தில் இறங்கினீர்கள் என்று கேளுங்கள். தனுஷ்கோடி என்றால் அது 1964 டிசம்பர் புயலுக்கு முந்தியது. அதன்பின் அங்கே துறையே இல்லை. இவர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது அதே ஆண்டு அக்டோபரில், ஆட்களை அனுப்பத் தொடங்கியது சில ஆண்டுகள் கழித்து. எனவே ஒப்பந்தத்தில் வந்தவர் இராமேஸ்வரம் என்பார், மண்டபம் முகாம் என்பார். தனுஷ்கோடி என்று சொன்னால், அவர் கதை வேறு கதை, நிறுத்திக் கேளுங்கள்.

அந்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. ஆனாலும் பல பதிவுகள் கடற்கரையோடு நின்றுவிடுகின்றன. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கே திரும்பியவர்கள் இருக்கிறார்கள். இலங்கைக் கணக்கெடுப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதப்பட்டவர்களை இங்கே ‘சிலோன்காரர்’ என்கிறார்கள். அவர்கள் தங்களை என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள்.

காமன், ரதி கதையைத் தோட்டத்து மக்கள் ஆடும் காமன்கூத்தைப் பதிவு செய்வோர் பெரும்பாலும் காமனை எரிக்கும் கடைசி இரவுக்குத்தான் கேமராவோடு வருகிறார்கள். நெருப்பு அழகாக விழும், வேறென்ன! கூத்தோ மாசி அமாவாசையை ஒட்டிக் காமன் நடுவதில் தொடங்கிப் பௌர்ணமி வரை நாள்கணக்கில் நடப்பது. ரதி வேடம் கட்டும் ஆண் யார், யாருடைய நேர்த்திக்காகக் கட்டுகிறார் என்பதெல்லாம் அந்த நாட்களில்தான் தெரியும். தப்பு என்ற பறையை அடிப்பவரையும் பின்னணி இசையாக ஒதுக்காதீர்கள். ஒரு காலத்தில் பெரட்டுக்கு லயத்தை எழுப்பியதும் அதே தப்புதான்.

கோப்புக்குப் பெயர், இடம், நாள் இட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக, தகரப்பெட்டி. பிறப்புப் பத்திரம், பழைய பாஸ்போர்ட், முகாம் அட்டை எல்லாம் அதற்குள்தான் இருக்கும். “கொண்டுபோய் நகல் எடுத்துத் தருகிறேன்” என்று வாங்கிப் போகாதீர்கள். அந்தத் தாள்கள் நமக்கு வரலாறு. அவர்களுக்கு நாளைக்கே ஏதாவது அலுவலகத்தில் காட்ட வேண்டியவை. அங்கேயே வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து, எடுத்த வரிசையிலேயே திருப்பி அடுக்குங்கள். எழுத்துத் தெரியாதவர் ஒரு தாளை அது இருக்கும் இடத்தை வைத்துத்தான் தேடி எடுக்கிறார்.