12 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில்: செத்துப்போன பேட்டரிக்குப் புது செல் போடுவது

12 வோல்ட் என்று ஒட்டியிருக்கும் லித்தியம் ட்ரில் பேக்குக்குள் பெரும்பாலும் தொடராக இணைத்த மூன்று 18650 செல்கள் (18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீள உருளை செல்கள்) இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட், மூன்றும் சேர்ந்தால் 10.8, முழுச் சார்ஜில் 12.6. பெட்டிமேல் போட்டிருக்கும் 12 வியாபாரக் கணக்கு.

முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு பேக்கைத் திறந்து, ஒவ்வொரு செல்லையும் மீட்டரில் தனியாக அளந்து பாருங்கள். இரண்டு 4.1 காட்டி ஒன்று மட்டும் 3 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் அந்தச் செல் போய்விட்டது. மூன்றும் 4.1 காட்டியும் திருகு இறுகும் நேரத்தில் ட்ரில் நின்றுபோனால், பெரும்பாலும் செல்களின் உள்மின்தடை (செல்லே மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) ஏறியிருக்கும். கெட்டது ஒன்றே ஆனாலும் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பழையது கலந்திருந்தால் அதுதான் முதலில் காலியாகும். பேக்குக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு (செல்களைக் கண்காணிக்கும் சிறு சர்க்யூட்) அதைப் பார்த்து மொத்த பேக்கையும் அணைத்துவிடும்.

காசு வீணாவது பெரும்பாலும் செல் வாங்கும்போதுதான். எம்ஏஹெச் (செல்லின் கொள்ளளவு) அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். ட்ரில்லுக்குத் தேவை அதிக ஆம்பியர். மோட்டார் திணறும்போது 20 ஆம்பியர்கூட இழுக்கும். லேப்டாப்பிலிருந்து பிரித்த செல் இதைத் தாங்காது, சூடாகிவிடும். சாம்சங் 25ஆர் போல 2500 எம்ஏஹெச், 20 ஆம்பியர் ரகம் பொருத்தம். 18650 செல்லில் 5000, 9900 என்று அச்சடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், போலி. எடையும் காட்டிக்கொடுக்கும்: நல்ல செல் 45 கிராம் வாக்கில் இருக்கும்.

புதுச் செல்கள் மூன்றுக்கும் இடையே வித்தியாசம் 0.02 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் இருந்தால் தனித்தனியே 4.2 வரை சார்ஜ் செய்துவிட்டு இணைக்கவும்.

பிரிக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். போர்டில் பெரும்பாலும் 0, 4.2, 8.4, 12.6 என்று எழுதியிருக்கும். கழற்றும்போது 12.6-இல் தொடங்கி இறங்குங்கள், மாட்டும்போது 0-வில் தொடங்கி ஏறுங்கள். செல்களை இணைக்கும் உலோகப் பட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டவும். கட்டர் ஒரே நேரத்தில் இரண்டு பட்டையைத் தொட்டால் ஷார்ட் ஆகும்.

செல்மேல் நேரடியாக சால்டரிங் வேண்டாம். அந்தச் சூடு உள்ளே இருக்கும் அடைப்பைக் (சீல்) கெடுக்கும். 0.15 மில்லிமீட்டர் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் (மின்சாரத்தால் புள்ளி புள்ளியாக ஒரு நொடியில் ஒட்டுவது) செய்யுங்கள். மெஷின் இல்லையென்றால் இ-பைக் பேட்டரி கட்டும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், அல்லது பட்டை வைத்தே வரும் செல் வாங்கி, பட்டையின் நுனியில் மட்டும் வயரைப் பற்றவைக்கவும். பட்டை அசல் நிக்கல்தானா என்று பார்க்க, கீறிவிட்டு உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போடுங்கள். துரு பிடித்தால் உள்ளே இரும்பு.

பாசிட்டிவ் முனையில் காகித வளையம் ஒட்ட மறக்காதீர்கள். செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ். மேலே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறைதான். ட்ரில் அதிரும்போது பட்டை அதை அறுத்துவிட்டால் தீப்பிடிக்கும். போர்டிலிருந்து வரும் வெப்ப சென்சாரையும் பழையபடி செல்லோடு ஒட்டிவிடுங்கள்.

எல்லாம் மாட்டியும் அவுட்புட்டில் பூஜ்யம் காட்டினால் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சில போர்டுகள் சார்ஜரை ஒருமுறை சொருகினால்தான் விழிக்கும். முதல் சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருங்கள். முடிந்ததும் ஒவ்வொரு செல்லும் 4.15 முதல் 4.20-க்குள் நிற்க வேண்டும்.

பழைய ட்ரில்லில் நிக்கல்-காட்மியம் செல் பத்து இருந்தால் இந்த முறை பொருந்தாது. அந்தச் சார்ஜர் லித்தியத்துக்கு 4.2-இல் நிறுத்தத் தெரியாதது. அதே ரகச் செல்லைத்தான் திரும்பப் போட வேண்டும். கழற்றிய செல்களின் முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.