மாடிவீட்டில் வாழும் பெற்றோருக்கு நடைத்துணை தேர்ந்தெடுப்பது எப்படி?

மியான்மரின் யாங்கோன் நகரின் நடுப்பகுதியில், மின்தூக்கி இல்லாத அடுக்குமாடி வீடுகளிலேயே ஆயுளைக் கழித்த நம் பெற்றோருக்குக் கால் தளரத் தொடங்கியதும், பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "சக்கர நாற்காலி என்ன விலை?" என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்வியைச் சிறிது தள்ளி வைத்துவிட்டு, ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டையும் படிக்கட்டையும் அளப்பதிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் தந்தையாருக்கு நான் முதலில் வாங்கி வந்த வாக்கர், சமையற்கட்டு வாசலில் நுழையவில்லை. இரண்டு அங்குலம் இடித்தது. கடைக்காரரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் அதன்மேல் ஈரத் துண்டு காய்ந்ததுதான் கண்ட பலன்.

ஆகவே கடைக்குப் போகும் முன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: வீட்டிலேயே மிகக் குறுகிய வாசலின் அகலம், கட்டிலின் உயரம், படிக்கட்டின் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. குளியலறை வாசல்தான் பல வீடுகளில் மிகக் குறுகியதாக இருக்கும் என்பதால் அதை மறந்துவிடக் கூடாது. சாதாரண வாக்கரும் சக்கர நாற்காலியும் ஏறத்தாழ இரண்டடி அகலம் கொண்டவை.

அதற்கும் முன்பாக, நடை ஏன் தள்ளாடுகிறது என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையால் எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறதா, சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போயிருக்கிறதா, கண்ணில் புரை விழுந்திருக்கிறதா, முழங்கால் தேய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத் தேவையும் மாறும். தலைசுற்றலுக்குத் தடி மருந்தாகாது. வீட்டிலேயே ஒரு சிறு சோதனையும் செய்து பார்க்கலாம். கைப்பிடியுள்ள நாற்காலியில் அவரை உட்கார வைத்து, எழுந்து பத்தடி தூரம் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் அருகிலேயே நில்லுங்கள். இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருப்பதாகக் கொண்டு, இயன்முறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அங்கே எந்தத் துணையைக் கொண்டு எப்படி நடப்பது என்பதையும் சயாமா (அந்த மருத்துவர் அம்மா) கையோடு பழக்கிவிடுவார்.

ஒரு கால் மட்டும் வலிக்கிறது அல்லது சற்றே தள்ளாட்டம் இருக்கிறது என்றால் ஒற்றைக் கைத்தடியே போதும். நம் பெரியவர்களில் பலர் தடியை வேண்டாம் என்று மறுத்துவிட்டு, மழையில்லாத நாளிலும் குடையை ஊன்றிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். "அப்பா, இது குடைதானே?" என்றால், "குடைதான்டா, கையில் இருந்தால் நல்லது" என்பார்கள். கூச்சம் புரிகிறது. ஆனால் குடையின் உலோக நுனி ஈரத் தரையில் வழுக்கும், அதன் கம்பி உடல் எடையைத் தாங்கும்படி செய்யப்பட்டதும் அன்று. அவர் மனம் ஒப்பும்படி, வளைந்த பிடி கொண்ட மரத்தடியாகவே பார்த்து வாங்குங்கள். அழகாக இருந்தால் கையில் எடுப்பார்.

தடியின் உயரத்தை அளப்பது எளிது. தினமும் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று கைகளைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டின் மடிப்புக் கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குத் தடியின் பிடி வர வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை இலேசாக மடங்கியிருக்க வேண்டும். மரத்தடி நீளமாக இருந்தால் ஒரேயடியாக வெட்டாமல், கால் அங்குலமாக அறுத்து அறுத்துப் பாருங்கள்.

எந்தக் கையில் பிடிப்பது என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். வலது கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும், வலிக்கும் காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் நோகும் காலும் முதலில். கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரு கை கைப்பிடியிலும் மற்றொரு கை தடியிலும் இருக்கட்டும். துணைக்குப் போகிறவர் ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, எப்போதும் ஒரு படி கீழே நிற்க வேண்டும். மேலே நின்று கையைப் பிடித்து இழுப்பது உதவியாகாது.

நான்கு கால் ஊன்றுகோல் சமதரையில் நன்றாக நிற்கும். ஆனால் நான்கு காலும் ஒருசேரத் தரையில் பதியாவிட்டால் ஆடும் என்பதால், நம் குறுகிய படிகளுக்கு ஒவ்வாது.

இரு கைகளின் ஆதரவும் தேவைப்படும் அளவுக்கு நிலை தளர்ந்தவருக்கு வாக்கர் ஏற்றது. சக்கரமில்லாத வாக்கரைத் தூக்கி வைத்து நடக்கக் கையில் வலு வேண்டும். அது இல்லாதவருக்கு முன்பக்கம் மட்டும் இரு சக்கரம் உள்ளதை வாங்கலாம். நான்கு சக்கரமும் உட்காரும் பலகையும் கொண்டதைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். அது சீக்கிரம் களைத்துப்போகிறவருக்கு உரியது. உடலைச் சாய்த்து ஊன்றுகிறவர் பிடித்தால் முன்னே ஓடிவிடும். எந்த வாக்கரையும் படிக்கட்டில் பயன்படுத்தக் கூடாது.

வாக்கர் வந்த பிறகு இன்னொரு சங்கடமும் சேர்ந்து வரும். நம் ஊரில் அப்பாக்கள் நாள் முழுதும் கைலிதான் கட்டுகிறார்கள். நடக்க நடக்க அது நெகிழும். அவிழ்த்து உதறி இறுக்கிக் கட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும், அந்த நேரத்தில் வாக்கரைப் பிடிக்கக் கை இருக்காது. என் தந்தையார் இருமுறை தடுமாறியது இப்படித்தான். தையற்காரரிடம் கொடுத்து இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிட்டோம். கீழ் விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றியும் தைத்தோம். வாக்கரின் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகவில்லை.

சக்கர நாற்காலியைப் பொறுத்தவரை, அது வீட்டுக்குள் தேவையா, வெளியே போகத் தேவையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரும்பில் செய்த மடக்கு நாற்காலி ஏறத்தாழ 11 வீசை (சுமார் 18 கிலோ), அலுமினியத்தில் செய்தது 8 வீசை (சுமார் 13 கிலோ) அளவுக்கு இருக்கும். அதை மூன்றாம் மாடிக்கு நாள்தோறும் தூக்குவது நடக்கிற காரியமன்று. வெளியே போக மட்டும் தேவையெனில், கீழ்த்தளத்தில் தெரிந்த கடைக்காரரிடம் சொல்லி, அங்கேயே சங்கிலியிட்டு வைத்துவிடலாம். மேலே ஒரு தடி, கீழே ஒரு நாற்காலி என்று இரண்டிடத்தில் இரண்டு பொருள் வைப்பது வீண் செலவாகத் தோன்றினாலும், என் அனுபவத்தில் அதுவே ஒத்துவந்தது.

உட்காரும் அகலம், இடுப்பின் இரு பக்கமும் தலா ஓர் அங்குலம் இடைவெளி விடுவதாகவும், ஆழம், முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைவதாகவும் இருக்க வேண்டும். சாக்கடைமேல் பாவிய பலகைக் கற்கள் உடைந்து கிடக்கும் நம் நடைபாதைகளில் சிறிய சக்கரங்கள் கொண்ட நாற்காலி சிக்கிக்கொள்ளும். பின்சக்கரம் பெரிதாக உள்ளதையே வாங்குங்கள். நடைபாதையிலிருந்து தெருவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் இறங்கும்படி மெதுவாகப் பின்னோக்கி இறக்க வேண்டும். நெடுநேரம் உட்காருகிறவருக்கு நல்ல மெத்தையும், அரைமணிக்கு ஒருமுறை இடம் மாறி உட்காரும் பழக்கமும் இல்லாவிட்டால் புண் வரும். மின்கலத்தில் ஓடும் நாற்காலி, மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கும் ஊரில் எனக்கு உகந்ததாகப் படவில்லை.

கோயிலுக்குப் போகும்போது செருப்போடு தடியையும் வாசலில் விட்டுவிட்டு, அபிஷேக நீர் சிந்திய தரையில் வெறுங்காலோடு தட்டுத் தடுமாறி நடக்கிற பெரியவர்களைப் பார்க்கிறேன். தடியின் அடி ரப்பரைக் கழுவித் துடைத்துவிட்டு, உள்ளேயும் கொண்டு செல்லும்படி அவர்களிடம் சொல்லுங்கள்.

அந்த ரப்பர்தான் விரைவில் தேயும் பாகம். அடியிலுள்ள வரிகள் மழுங்கிவிட்டால் ஈரத்தில் பிடிப்பு இருக்காது. வாங்கும்போதே இரண்டு ரப்பர் கூடுதலாக வாங்கி, தடியின் பருமனையும் எழுதி அலமாரியில் வையுங்கள். மே மாதத்தில் மழை தொடங்கும் முன் ஒருமுறை தடியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, தேய்ந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.