ரெடுய்ல சேர்ந்தாச்சா? லெக்சர் முடிஞ்சதும் பஸ் பிடிக்க ஓடாதீங்க

ரெடுய்ல இருக்கிற மொரீஷியஸ் யுனிவர்சிட்டில புதுசா சேர்ந்திருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இது. நம்ம தீவுல முக்காவாசிப் பேருக்கு ஹாஸ்டல் வாழ்க்கையே கிடையாது, ஃப்ளாக்லேர்ந்தும் மஹெபூர்லேர்ந்தும் தினம் வீட்லேர்ந்தே வந்து போறோம், 2005லேர்ந்து மாணவர்களுக்கு பஸ் ஃப்ரீ, 2023ல ரோஸ் ஹில்லேர்ந்து ரெடுய்க்கு மெட்ரோவும் வந்தாச்சு, அதனால லெக்சர் முடிஞ்ச கொஞ்ச நேரத்துல கேம்பஸ் காலி. இப்படியே போனா பக்கத்து சீட்டுக்காரன் பேர் கூட தெரியாம டிகிரி வாங்கிட்டு போயிடுவீங்க.

முதல்ல ஒரே ஒரு கிளப் போதும். கிளப்காரங்க போட்டிருக்கிற எல்லா மேசைலயும் பேர் எழுதிக் கொடுத்துட்டு எதுக்கும் தலைகாட்டாதவங்கதான் ஜாஸ்தி. தலைவர் பதவிக்கு அடிச்சுக்காதீங்க, கணக்கு பாக்குற வேலைய கேட்டு வாங்குங்க, யாருக்கும் பிடிக்காத வேலை அதான், ஆனா எல்லாரும் உங்ககிட்ட வந்துதான் ஆகணும். வந்த காசு, போன காசு, பில் போட்டோ, மூணையும் அன்னிக்கு ராத்திரியே குரூப்ல போட்டுடுங்க, நாளைக்கு வாய்ச்சண்டை வராது.

நிகழ்ச்சிய சாயங்காலம் வைக்காதீங்க. இருட்டினா பஸ் குறைஞ்சிடும், வீட்லேர்ந்து போன் மேல போன் வரும், பாதிப்பேர் நடுவுலயே எழுந்து போயிடுவாங்க. மத்தியான சாப்பாட்டு இடைவேளைதான் சரி. அப்புறம் வாட்ஸ்அப்ல "யாராவது ஹெல்ப் பண்றீங்களா"ன்னு கேட்டா ஒரு பய பதில் போடமாட்டான், எல்லாரும் படிச்சிட்டு சும்மா இருப்பாங்க. பேர் சொல்லி தனியா கேளுங்க: "தம்பி, 11 மணிக்கு வந்து நாற்காலி மட்டும் போட்டுக் கொடுத்துடு". வந்துடுவான்.

தமிழ் சரியா வராதேன்னு தமிழ் கிளப்லேர்ந்து ஒதுங்கி நிக்காதீங்க. வீட்ல கிரியோல் (பிரெஞ்சுலேர்ந்து வந்த நம்ம தீவு மொழி) பேசுறவங்கதான் நம்மள்ல நிறைய பேர், கலந்து பேசுங்க, யாரும் மார்க் போடப்போறதில்ல. மோக்கா ஊர் பக்கத்துலதான், அங்க இருக்கிற மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல தமிழ் படிக்கிறவங்கள கூட சேர்த்துக்கிட்டா மேடைல பேச ஆள் தேடி அலைய வேணாம்.

ஜனவரி பிப்ரவரில தைப்பூசக் காவடி வரும். பத்து நாள் விரதம் இருக்கிறவங்க நம்ம கூடவே உக்காந்திருப்பாங்க, அந்த சமயத்துல மீட்டிங்ல கோழி சமோசா வைக்காதீங்க (வச்சு பாத்திருக்கேன், மூஞ்சிய பாக்கணுமே!). காவடி அன்னிக்கு லீவுதான், நண்பர்களக் கூட்டிக்கிட்டு உங்க ஊர் கோவிலுக்கே போங்க, சும்மா செல்ஃபி எடுக்காம பந்தில பரிமாற நில்லுங்க. ஏழு கறி (ஏழு வகை சைவக் கறி) வாளிய தூக்கிக்கிட்டு இலை இலையா போனா, ரசம் ஊத்தி முடிக்கிறதுக்குள்ள பாட்டிங்க "நீ யார் வீட்டுப் புள்ள?"ன்னு கேட்டு, உங்க தாத்தா வரைக்கும் வந்துடுவாங்க. அப்புறம் கிளப் நிகழ்ச்சிக்கு பெரிய அண்டா இரவல் வேணும்னா அங்கயே கேக்கலாம்.

பரீட்சைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே குரூப்ல சொல்லிட்டு, கணக்கு நோட்ட இன்னொருத்தர் கைல கொடுத்துட்டு படிக்க உக்காருங்க.